குக்கி கட்டரில் வெட்டிய வடிவம் ஓவனுக்குள் கலைவது ஏன்?

பதிவு 1: இளந்தளிர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் பிஸ்கட் சுடுவதற்கென்று பிளாஸ்டிக் கட்டர்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கியிருக்கிறேன். நட்சத்திரம், இதயம், மான், பனித்துகள் என்று பல வடிவங்கள் அதில் உள்ளன. மாவில் அழுத்தி எடுக்கும்போது வடிவம் ஓரளவு நன்றாகவே வருகிறது. ஆனால் ஓவனிலிருந்து எடுத்துப் பார்த்தால் நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கியிருக்கின்றன, மானின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பனித்துகளோ கிட்டத்தட்ட வட்டமாகவே ஆகிவிடுகிறது.

நான் எடுத்துக்கொள்ளும் அளவு: வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை ஒன்று, மைதா 300 கிராம், பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி. வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் வெளுத்துப் பொங்கும் வரை அடித்து, மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து, உடனே தேய்த்து வெட்டி, வெண்ணெய் தடவிய டிரேயில் அடுக்கி, 180 டிகிரி செல்சியஸில் சுடுகிறேன்.

உலோகக் கட்டருக்கு மாறினால் இது சரியாகிவிடுமா? மாறுவதென்றால் எவர்சில்வர், அலுமினியம், செம்பு ஆகியவற்றில் எது நல்லது? கட்டர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2: அடுமனைக்காரர்

இளந்தளிர் அவர்களுக்கு வணக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆனால் கோணல் இருப்பது கட்டரில் அல்ல, மாவில். மாவில் ஒரு கோட்டை வெட்டியதோடு கட்டரின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கோடு ஓவனுக்குள் நிற்குமா என்பதை மாவின் அளவும் குளிர்ச்சியும்தான் தீர்மானிக்கின்றன.

வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். முட்டையிலும் மைதாவிலும் உள்ள புரதம் இறுகுவதற்கோ 60 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். சர்க்கரை மிகுந்த மாவில் அதற்கும் மேலே போக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்களில் பிஸ்கட்டைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லாததால், அது தன் எடையிலேயே பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. நாம் செய்யும் எல்லா வித்தைகளும் அந்த இடைவெளியைச் சுருக்குவதற்காகத்தான். மாவைக் குளிர வைத்தால் வெண்ணெய் தாமதமாக உருகும். மைதாவைக் கூட்டினால் உருகினாலும் எளிதில் ஓடாது. சர்க்கரையைக் குறைத்தால் விரைவில் இறுகும்.

உங்கள் அளவிலேயே திருத்த வேண்டுமானால் மைதாவை 400 கிராமாக உயர்த்தி, சர்க்கரையை 180 கிராமாகக் குறைத்து, சோடாவை அறவே நீக்கிவிடுங்கள். முட்டை வேண்டாம் என்பவர்கள் மைதா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சர்க்கரைத் தூள் ஒரு பங்கு என்று எடை போட்டு எடுத்துக்கொள்ளலாம். 300, 200, 100 கிராம் என்றால் நினைவில் வைப்பதும் எளிது.

டிரேயில் வெண்ணெய் தடவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தடவிய டிரேயில் பிஸ்கட்டின் அடிப்பாகத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய், பரவுவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிறது. பட்டர் பேப்பர் ஒன்றே போதும்.

பதிவு 3: நிறைகோல்

அடுமனைக்காரர் ஐயா சொன்னதோடு, சர்க்கரையையும் சோடாவையும் பற்றிச் சற்று விரிவாகச் சேர்க்க விரும்புகிறேன். இவ்விரண்டின் பங்கைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

சர்க்கரை இனிப்பு மட்டுமல்ல, ஓவனுக்குள் அது திரவமும்கூட. பிசைந்த மாவில் கரையாமல் கிடக்கும் பெரிய படிகங்கள் சூட்டில் கரையும்போது மாவு மேலும் இளகுகிறது. சர்க்கரைத் தூளைப் பயன்படுத்தினால் பரவுதல் குறைந்து, துகளும் மென்மையாக அமைவதைக் காணலாம். சோடாவின் கதை வேறு. அது மாவின் காரத்தன்மையை உயர்த்துகிறது. காரத்தன்மை உயர்ந்த மாவில் புரதம் இறுகத் தாமதமாகும், நிறம் மட்டும் விரைவாக ஏறும். கட்டர் பிஸ்கட்டுக்கு இவ்விரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்பவை. வடிவம் கலைந்த பிஸ்கட் பார்வைக்கு வெந்துவிட்டது போலவும் இருக்கும்.

பீட்டரால் வெளுக்கும் வரை அடிப்பது கேக்குக்கு உரிய முறை. அதில் வெண்ணெய்க்குள் காற்று புகுகிறது, அந்தக் காற்று ஓவனில் விரிந்து பிஸ்கட்டை உப்ப வைத்து, பிறகு கீழே அமர்த்துகிறது. வெட்டி எடுக்கும் பிஸ்கட்டுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் ஒன்றாகக் கலந்தால் போதும். நிறம் மாறத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மைதாவைக் கப்பில் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தளர்வாக நிரப்பிய ஒரு கப் மைதா ஏறத்தாழ 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை போகும். சமையலறைத் தராசு இல்லாமல் இந்த உரையாடல் இழையைப் படிப்பதில் பாதிப் பயன்தான் கிடைக்கும் என்பது என் கருத்து.

பதிவு 4: தகரப்பட்டறை

மாவைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை. கட்டரைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதில் சொல்கிறேன். கட்டருக்கு இதில் பங்கே இல்லை என்பது போல மேலே எழுதியிருக்கிறார்கள். அதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை.

மழுங்கிய விளிம்புள்ள கட்டர் மாவை வெட்டுவதில்லை, ஒதுக்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் விளிம்பை மாவில் இறக்கிவிட்டு, வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். சுவர் செங்குத்தாக இருக்காது. மேல் விளிம்பு உள்நோக்கிச் சரிந்து ஒரு தோள் போல வளைந்திருக்கும், அடியில் மெல்லிய ஓரம் ஒன்று வெளியே பிதுங்கி நிற்கும். அந்தப் பிதுங்கலில்தான் பரவுதல் தொடங்குகிறது. உலோகப் பட்டையில் செய்த கட்டரின் விளிம்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால், மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும்.

உலோகங்களில் தகரம் பூசிய இரும்பு, வளைப்பதற்கு எளிது, கூர்மை நன்றாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு முதலில் தென்படும் இடம் பட்டையின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட தையல். அங்கே துடைக்கும் துணி நுழையாது. கழுவியவுடன் துடைத்துவிட்டு, அணைத்த ஓவனில் எஞ்சியிருக்கும் இளஞ்சூட்டில் வைத்தால் அந்த இடுக்கும் காய்ந்துவிடும். எவர்சில்வர் கட்டருக்கு இந்தக் கவலைகள் இல்லை. என்னைக் கேட்டால் அதையே வாங்கச் சொல்வேன். அலுமினியம் இலகுவானது, ஆனால் சற்று அழுத்தினாலும் கோணிக்கொள்ளும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான சோப்பில் கறுத்தும்போகும். செம்பு தடிமனாகவும் அழகாகவும் இருக்கும். அதன் விலையைக் கூரிய விளிம்புக்காகத் தருகிறோமா, சுவரில் மாட்டுவதற்காகத் தருகிறோமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கட்டரின் வெட்டும் விளிம்பு கீழே இருக்குமாறு ஒரு கண்ணாடிப் பரப்பில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். விளிம்புக்கு அடியில் எங்கேனும் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் மாவு வெட்டுப்படாமல் நூலிழையாகத் தொங்கும். மேல் விளிம்பு உருட்டி மடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மடிப்பு உள்ளங்கையைக் காப்பதோடு, கட்டர் வளைந்துபோகாமலும் தாங்குகிறது. உயரம் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது; குட்டையான கட்டரை அழுத்தும்போது விரல்நுனி மாவில் பதிந்துவிடும்.

பழங்காலக் கட்டர்களைச் சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பற்றவைப்புகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உணவில் பயன்படுத்த வேண்டாம்.

பதிவு 5: மழலைக்கூடம்

பிளாஸ்டிக் கட்டரை இப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சிறு பிள்ளைகளோடு சேர்ந்து பிஸ்கட் செய்பவள். நான்கு வயதுக் குழந்தை கட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கூரிய பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக்கே பொருத்தம். வடிவமும் எளியதாக இருக்கட்டும். வட்டம், இதயம், மீன், இலை போன்றவை போதும்.

இன்னொன்று, பிள்ளைகள் மிச்ச மாவை வாயில் போட்டுக்கொள்வார்கள். முட்டை சேர்க்காததால் பரவாயில்லை என்று பெரியவர்களே விட்டுவிடுகிறார்கள். பச்சை மைதாவும் வேகாத பொருள்தான். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாவின் வழியாக ஈ.கோலை கிருமி பரவிப் பல மாநிலங்களில் மக்கள் நோயுற்றார்கள். வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைப்பதும், கட்டர்களைச் சுடுநீரில் கழுவுவதும் அவசியம்.

பதிவு 6: இளந்தளிர்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவே இல்லை, அனைவருக்கும் நன்றி. சோடாவைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது குளிர வைப்பதைப் பற்றி ஒரு சந்தேகம். மாவை உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைத்தால் கல் போல ஆகிவிடுகிறது, பூரிக்கட்டையால் தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கிறது. கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் மறுபடியும் இளகிக் கட்டரில் ஒட்டுகிறது. எந்த நிலையில் தேய்ப்பது, எந்த நிலையில் வெட்டுவது?

பதிவு 7: வெண்ணெய்க்கட்டி

உருண்டையாக வைப்பதுதான் சிக்கல். மாவை இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள தட்டையாக்கி, கிளிங் ஃபிலிமில் இறுக்கமாகச் சுற்றி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தட்டையாக இருந்தால் உள்ளும் புறமும் ஒரே சீராகக் குளிரும். அந்த ஓய்வு நேரத்தில் மைதா ஈரத்தை முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். பிசைந்ததில் இறுகிய புரத இழைகளும் தளர்ந்துவிடும். பிசைந்த கையோடு தேய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அப்படித் தேய்த்த மாவு வெட்டிய பிறகு சுருங்குவதைப் பார்க்கலாம்.

பதிவு 8: அடுமனைக்காரர்

வெண்ணெய்க்கட்டி அவர்கள் சொல்வது காலங்காலமாகச் சொல்லப்படுகிற முறை, அதில் தவறு இல்லை. ஆனால் வீட்டுச் சமையலறையில் அது இளந்தளிர் விவரித்த அவதியில்தான் பெரும்பாலும் போய் முடிகிறது. குளிர்ந்த மாவைத் தேய்ப்பது வலுவான கைக்கே சிரமம். வலுக்கட்டாயமாகத் தேய்க்கத் தேய்க்க மாவு சூடேறி, எதற்காகக் குளிர வைத்தோமோ அதுவே வீணாகிறது.

வரிசையை மாற்றிவிடுங்கள். மாவு மென்மையாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, அந்தத் தாள்களோடு அப்படியே ஒரு தட்டையான டிரேயில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள மாவுத் தகடு அரை மணி நேரத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். பிறகு மேல்தாளை ஒருமுறை உரித்தெடுத்து மறுபடி தளர்வாகப் போட்டு, மொத்தத்தையும் திருப்பி, மறுபக்கத் தாளையும் உரித்துவிட்டு வெட்டுங்கள். இப்படிச் செய்தால் அடித்தாளில் மாவு ஒட்டிக்கொண்டு வடிவத்தை இழுக்காது. தாள்களுக்கு நடுவில் தேய்ப்பதால் தூவல் மாவும் தேவைப்படாது. தூவிய மாவு மிச்சத் துண்டுகளில் சேர்ந்து சேர்ந்து கடைசி பிஸ்கட்டுகளை வறட்டுத்தனமாக்கும் தொல்லையும் இராது.

சுருங்குவதைப் பற்றிச் சொன்னார்கள். இவ்வளவு வெண்ணெய் சேர்ந்த மாவில் புரத இழைகள் பெரிதாக உருவாவதில்லை. அளவுக்கு மீறிப் பிசைந்தால் மட்டுமே சுருங்கும். தேய்த்த பிறகு குளிர வைக்கும் அரை மணி நேரமே ஓய்வாகவும் ஆகிவிடுகிறது.

வெட்டுவதற்குச் சரியான நிலை எது என்றால், தகட்டின் ஓரத்தைத் தூக்கினால் அது உடனே வளையக் கூடாது, அதே நேரம் கட்டரை இறக்கும்போது கோடாக வெடிக்கவும் கூடாது. வெடித்தால் மூன்று நான்கு நிமிடம் வெளியே விடுங்கள். கட்டரை நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். அடித்தாள் வரை வெட்டியதை உறுதி செய்துகொள்ள லேசாக முன்னும் பின்னும் அசைக்கலாம், திருகக் கூடாது. வெட்டியதும் வடிவங்களைத் தூக்காதீர்கள். அவற்றைச் சுற்றியுள்ள மிச்ச மாவைத்தான் உரித்தெடுக்க வேண்டும். வடிவங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தாளோடு டிரேக்கு நகர்த்திவிடலாம். நட்சத்திரம் கோணலாவது பாதி நேரம் ஓவனில் அல்ல, கத்தியால் நெம்பித் தூக்கும் அந்த நொடியில்தான்.

பதிவு 9: வெண்ணெய்க்கட்டி

தாளோடு நகர்த்துவது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வடிவங்களை நெருக்கமாக வெட்டினால் டிரேயில் இடைவெளி இருக்காதே? பேக்கிங் பவுடர் சேர்க்காத மாவானாலும் இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டால்தான் ஓரங்கள் சீராக வேகும்.

பதிவு 10: நிறைகோல்

அதற்குத்தான் வெட்டும் ஒழுங்கு முக்கியமாகிறது. நெருக்கமாக வெட்டி, தாளோடு சேர்த்துக் குளிர வைத்து, கெட்டியான பிறகு ஒன்று விட்டு ஒன்றை மெல்லிய தோசைத் திருப்பியால் வேறு தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கெட்டியான துண்டு கோணாது.

நெருக்கமாக வெட்டுவதன் அவசியத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். வட்டங்களை நேர்வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வெட்டினால் பரப்பில் 78.5 விழுக்காடு மட்டுமே பிஸ்கட்டாகும். இரண்டாம் வரிசையை அரை வட்டம் நகர்த்தி, முதல் வரிசையின் இடுக்குகளில் பொருந்துமாறு வெட்டினால் அது கோட்பாட்டளவில் 90.7 விழுக்காடு வரை உயரும். தகட்டின் ஓரங்களில் வீணாவதைக் கழித்தாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அறுகோணமும் சதுரமும் மிச்சமே வைக்காத வடிவங்கள். நிறைய பேருக்குச் செய்யும் நாளில் அறுகோணக் கட்டரை எடுப்பவர் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்.

அளவை மாற்றும்போதும் பரப்பை நினைவில் கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் வட்டத்திலிருந்து 7.5 சென்டிமீட்டர் வட்டத்துக்குப் போனால் ஒரு பிஸ்கட்டுக்குச் செலவாகும் மாவு ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. 'எண்ணிக்கை குறைந்துவிட்டது' என்று பலர் சமையல் குறிப்பைக் குறை சொல்வது இதனால்தான்.

மிச்சத் துண்டுகளைப் பிசைந்து உருட்டாதீர்கள். அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, தாள்களுக்கு நடுவில் மறுபடி தேய்த்தால் போதும்.

பதிவு 11: முப்பரிமாணம்

வணக்கம். இங்கே ஒருவரும் முப்பரிமாண அச்சில் செய்த கட்டர்களைப் பற்றிப் பேசவில்லையே! நான் என் வீட்டு அச்சு இயந்திரத்தில் தேவையான உருவத்தை வரைந்து, சில மணி நேரத்தில் கட்டராக எடுத்துவிடுகிறேன். பெயரின் எழுத்துகள், வளர்ப்பு நாயின் உருவம் என்று கடையில் கிடைக்காத எதையும் செய்யலாம். உருகிய பிளாஸ்டிக்கைப் பீய்ச்சும் 0.4 மில்லிமீட்டர் முனையால் அச்சிட்டால் வெட்டும் விளிம்பையும் ஏறக்குறைய அதே அளவுக்கு மெலிதாக்கலாம். பிளாஸ்டிக் என்றாலே மழுங்கல் என்ற தகரப்பட்டறை அவர்களின் கருத்து இதற்குப் பொருந்தாது.

பதிவு 12: தகரப்பட்டறை

விளிம்பின் கனத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. என் தயக்கம் சுத்தத்தைப் பற்றியது. அச்சில் படிப்படியாக ஏறிய கட்டரின் சுவரை நகத்தால் வருடிப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வரியாகத் தட்டுப்படும். வெண்ணெயும் மாவும் அந்த வரிகளில் போய் உட்கார்ந்தால் தேய்த்துக் கழுவுவது கடினம். சுடுநீரில் போடலாம் என்றால், பெரும்பாலானோர் அச்சிடப் பயன்படுத்தும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்ட நாய் வேறு பிராணியாகத்தான் வெளியே வரும்.

பதிவு 13: முப்பரிமாணம்

மாவின்மேல் கிளிங் ஃபிலிமைப் பரப்பி, அதன்மேல் கட்டரை அழுத்தினால் கட்டர் மாவைத் தொடவே தொடாதே. பிஸ்கட்டின் மேல் விளிம்பும் மெத்தை போல அழகாக வளைந்து வரும்.

பதிவு 14: அடுமனைக்காரர்

அந்த வளைவு வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல உத்திதான். ஆனால் இளந்தளிர் கேட்டது கூர்மையான முனை. ஃபிலிம் போட்டால் எந்தக் கட்டரும் மழுங்கிய கட்டராகிவிடும். எப்போதோ ஒருமுறை ஒரு விழாவுக்காகச் செய்யும் சிறப்பு உருவத்துக்கு அச்சுக் கட்டர், அடிக்கடி செய்வதற்கு எவர்சில்வர் என்று நான் பிரித்துக்கொள்வேன். அந்த ஒருமுறைக்குக்கூடக் கட்டர் தேவையில்லை. உருவத்தைப் பட்டர் பேப்பரில் வரைந்து வெட்டி, குளிர்ந்த மாவின்மேல் வைத்து, மெல்லிய கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வெட்டினால் போதும். கத்தியை இழுக்காமல் நுனியால் குத்திக் குத்திப் போனால் ஓரம் கிழியாது.

கட்டர் இல்லாதவர்கள் கண்ணாடித் தம்ளரின் வாயால் வட்டம் வெட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். தம்ளரின் வாய் உருண்டையாக மழுக்கப்பட்டது. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறவும் வழி இல்லை. அழுத்தியபின் துண்டு உள்ளேயே ஒட்டிக்கொள்வது அதனால்தான். முதுகுத் தகடு வைத்த கட்டர்களில் துளை இருப்பதும் அந்தக் காற்றுக்காகவே.

பதிவு 15: மழலைக்கூடம்

மாவு கட்டருக்குள் ஒட்டாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் கட்டரை மைதாவில் தொட்டு உதறிவிட்டு வெட்டலாம். கோகோ சேர்த்த கறுப்பு மாவுக்கு மைதாவுக்குப் பதிலாகக் கோகோ தூளிலேயே தொட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத் திட்டு படியாது. கூர்மூலைகளில் அடைத்த மாவைத் தள்ள, மழுங்கிய பல்குச்சி போதும்.

பதிவு 16: இளந்தளிர்

சொன்னபடி செய்து பார்த்தேன். மைதாவைக் கூட்டி, சோடாவை நீக்கி, தாள்களுக்கு நடுவில் தேய்த்துக் குளிர வைத்து, அதே பிளாஸ்டிக் கட்டரில்தான் வெட்டினேன். நட்சத்திரமும் இதயமும் வெட்டியது வெட்டியபடியே வந்தன. எவர்சில்வர் நட்சத்திரம் ஒன்றையும் வாங்கி அதே தகட்டில் வெட்டிப் பார்த்ததில், தகரப்பட்டறை அண்ணா சொன்ன அந்தத் தோள் வளைவு பிளாஸ்டிக்கில் இருப்பதும் எவர்சில்வரில் இல்லாததும் நன்றாகவே தெரிந்தது. சுட்ட பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைவுதான், ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

மானும் பனித்துகளும் மட்டும் இன்னும் வசப்படவில்லை. வடிவம் நிற்கிறது, ஆனால் உடல் வேகும் முன்பே கால்கள் பழுப்பாகிவிடுகின்றன. பனித்துகளின் உள் இடுக்குகளும் லேசாக மூடிக்கொள்கின்றன.

பதிவு 17: அடுமனைக்காரர்

இனி இருப்பது வடிவத்தின் குறை. ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள பிஸ்கட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள கால், பல பக்கங்களிலிருந்தும் சூடு வாங்கும். உடலோ மேலும் கீழும் மட்டுமே வாங்கும். அதேபோல் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான உள் இடுக்கு, மாவு சிறிதளவு நகர்ந்தாலே மூடிவிடும். கட்டர் வடிவமைப்பவர்கள் தாளில் அழகாகத் தெரிவதை வரைகிறார்கள், அது வேகுமா என்று பார்ப்பதில்லை என்று சில நேரம் தோன்றுகிறது. வாங்கும் முன் உங்கள் சுண்டுவிரலைக் கட்டரின் ஒவ்வொரு கிளைக்குள்ளும் விட்டுப் பாருங்கள். விரல் நுழையாத கிளை ஓவனில் முதலில் கருகும் கிளை.

இருக்கிற மானைக் காப்பாற்ற சில வழிகள் உண்டு. வெட்டிய பிறகு டிரேயோடு ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து, கெட்டியாக எடுத்து நேரே ஓவனில் வையுங்கள். சூட்டை 165 டிகிரிக்குக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் கூட்டிச் சுட்டால் காலுக்கும் உடலுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறையும். காற்றாடி உள்ள ஓவனானால் அதை அணைத்துவிடலாம். கால்கள் டிரேயின் நடுப்பக்கம் பார்த்திருக்குமாறு அடுக்குங்கள். பெரும்பாலான ஓவன்களில் ஓரங்களில்தான் சூடு மிகுதி. சிறியதையும் பெரியதையும் ஒரே டிரேயில் கலக்காதீர்கள். 3 சென்டிமீட்டர் பிஸ்கட் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். 8 சென்டிமீட்டர் பிஸ்கட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

பதிவு 18: வெண்ணெய்க்கட்டி

ஓவனின் குமிழ் காட்டும் சூட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டு ஓவன்கள் பத்து இருபது டிகிரி முன்னே பின்னே காட்டுவது சகஜம். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று, இன்னும் நான்கு கட்டர் வாங்குவதைவிடப் பயன்படும்.

வட்ட பிஸ்கட் கொஞ்சம் கோணலாக வந்துவிட்டால், வெளியே எடுத்த கையோடு அதைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கட்டரை மேலே கவிழ்த்து, மேசையில் வட்டமாகச் சுழற்றுங்கள். சூடாக இருக்கும் ஓரம் உள்நோக்கி ஒதுங்கி வட்டமாகிவிடும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பிஸ்கட் இறுகி உடையும்.

பதிவு 19: இளந்தளிர்

கடைசியாக ஒரு கேள்வி. வெட்டிய வடிவங்களை ஃப்ரீசரில் நாள்கணக்கில் வைத்திருக்கலாமா? விருந்தினர் வரும் நாளில் மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டி முடிக்க நேரம் போதாது.

பதிவு 20: நிறைகோல்

தாராளமாக வைக்கலாம். வெட்டிய வடிவங்களை முதலில் டிரேயில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, கல்லாக உறையும் வரை விடுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் இரண்டு மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும். மான் போன்ற மெல்லிய கால் உள்ளவற்றை மேல்வரிசையில் வையுங்கள், இல்லாவிட்டால் டப்பாவை அசைக்கும்போது உடையும். சுடும் நாளில் வெளியே வைத்து உருகவிடாதீர்கள். மேற்பரப்பில் நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு பிஸ்கட்டில் புள்ளிகள் விழும். ஓவன் நன்றாகச் சூடேறிய பிறகு ஃப்ரீசரிலிருந்து நேரே உள்ளே வைத்து, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள்.